மூன்று ஆம்பர் ஏல்கள்: விருந்துக்கு எதை எடுப்பது?

அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் பீர் அலமாரியின் பெரும்பகுதியை இன்று கசப்பு தூக்கலான ஐபிஏ வகைகள் பிடித்துக்கொண்டுவிட்டன. செம்பு நிற பீரான ஆம்பர் ஏலுக்கு மிஞ்சியிருப்பது ஒரு ஓரம்தான். அந்த ஓரத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறவை மூன்று: கொலராடோவின் ஃபேட் டயர், மிச்சிகனின் பெல்ஸ் ஆம்பர், அலாஸ்காவின் அலாஸ்கன் ஆம்பர். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்றுமே பெரிய அளவில் காய்ச்சி, மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு. வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வருகிறார்கள், ஒரு சிக்ஸ் பேக் எடுக்க வேண்டும் என்று போய் நிற்பவர் இதில் எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரமான சாப்பாடு என்றால் அலாஸ்கன். ஆம்பர் ஏலின் ருசி என்ன என்று அறிய விரும்புகிறவருக்கும், கறியை நெருப்பில் வாட்டுகிற நாளுக்கும் பெல்ஸ். ஃபேட் டயர் 2023-இல் மாறிய பிறகு அதை ஆம்பர் ஏல் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த மூன்று பெயர்களையும்விட முக்கியமான ஒன்று உண்டு: பாட்டிலில் அச்சடித்திருக்கும் தேதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆம்பர் ஏல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், முக்கியமாகக் கலிஃபோர்னியாவின் வடக்குப் பகுதியில், 1980-களில் உருவான வகை. அப்போது புதிதாக முளைத்த சிறு பீர் ஆலைகள் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தன. அதில் கேரமல் மால்ட் என்ற வறுத்த பார்லியைக் கூட்டி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவின் எலுமிச்சை வாசனையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் ஆம்பர் கிடைத்துவிடும். எளிமையான யோசனைதான். ஆனால் கேரமல் மால்ட் என்பது கொஞ்சம் விஷமமான சரக்கு.

அது தயாராகும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். சாதாரண மால்ட் என்றால் பார்லியை முளைகட்டி, சூடான காற்றில் காயவைத்துவிடுவார்கள். கேரமல் மால்ட்டுக்கு அப்படிக் காயவைப்பதில்லை. முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு மூடிய உருளையில் போட்டு, 65 அல்லது 70 டிகிரிச் சூட்டில் புழுங்க விடுவார்கள். பார்லி மணிக்குள் இருக்கும் மாவு அங்கேயே சர்க்கரையாக மாறிவிடும். அப்புறம் சூட்டை ஏற்றி வறுப்பார்கள். உள்ளே இருக்கும் சர்க்கரை பாகாகி, ஆறும்போது கண்ணாடிபோல் இறுகிவிடும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான கடைகளில் இதைச் சில்லறையாக விற்பார்கள். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். மாவாக நொறுங்காது, கறுக்கென்று உடைந்து, முதலில் இனிப்பு, பிறகு லேசாகக் கருகிய கசப்பு, கடைசியில் உலர்ந்த திராட்சையின் சாயல். ஓர் ஆம்பர் ஏலின் மொத்த ருசியும் அந்த நாலு மணியில் இருக்கிறது.

இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது பீரிலேயே தங்கிவிடும். நிறமும் வாயில் உணரும் கனமும் அதிலிருந்துதான் வருகின்றன. அளவு மீறினால் திகட்டலும் அங்கிருந்துதான் வரும். ஆகவே நல்ல ஆம்பர் ஏலையும் சுமாரான ஆம்பர் ஏலையும் பிரிக்கிற இடம் தொண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாயில் வைத்ததும் எல்லாமே இனிக்கும், எல்லாமே நன்றாக இருக்கும். விழுங்கிய பிறகு அந்த இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, இல்லை ஹாப்ஸின் கசப்பு வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகிறதா? மூன்று பீரையும் நான் எடைபோட்டது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். இனிப்பு ஒட்டிக்கொண்டு நின்றால் அரை கிளாஸில் அலுத்துவிடும். துடைத்துவிட்டால் கை தானாகவே கிளாஸைத் தேடும்.

போட்டிகளில் நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது உதவும். அமெரிக்காவில் 1985 முதல் இயங்கிவரும் பீஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். நாமோ ஆம்பர் ஏலைப் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே எடுக்கிறோம். செம்பு நிறத்தில் கிளாஸில் ஒளிரும்போது பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கு ஐம்பதில் மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். அதே நிறத்தைத் துளி வறுத்த மால்ட் சேர்த்தும் வரவழைத்துவிடலாம், ருசியில் ஒன்றுமே இல்லாமல்.

அதே அமைப்பு அமெரிக்க ஆம்பர் ஏலுக்கென்று வரையறையும் வைத்திருக்கிறது. ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு 25 முதல் 40 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அலாஸ்கன் 18 ஐபியு, பழைய ஃபேட் டயர் 22 ஐபியு. இரண்டுமே கசப்பில் வரம்புக்குக் கீழே. போட்டியில் இந்த வகைக்குள் நிறுத்தினால் நடுவர் புள்ளியைக் குறைக்கத்தான் செய்வார். சாப்பாட்டு மேசையில் அது ஒரு குறையே இல்லை. வகைக்குப் பொருந்துகிறதா என்பது ஒரு கேள்வி, குடிக்க நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய ஆலைகளின் பீரை ருசியே பார்க்காமல் மட்டம் தட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. ஒரு பீர் என்ன செய்ய முன்வந்ததோ அதைச் சரியாகச் செய்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நியாயம்.

நியாயமாக ருசி பார்க்க நாலைந்து விஷயங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலாவது குளிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. 3, 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும். கேரமல் வாசனை மேலே எழும்பவே எழும்பாது. 8 முதல் 12 டிகிரி வரை சரியாக இருக்கும். வெளியே எடுத்து வைத்து, கிளாஸில் ஊற்றிய பின் உள்ளங்கையால் கிளாஸைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருங்கள். முதல் மிடறில் வெறும் ரொட்டி வாசனையாக இருந்தது, பாதி கிளாஸில் வெல்லப்பாகாகத் திறந்துகொள்வதை அப்போதுதான் பார்க்க முடியும். மோசமான பீர் சூடேற ஏறக் குட்டு வெளிப்பட்டுப் போகும். அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது கிளாஸ். கேனிலிருந்து நேராகக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. ஐம்பதில் பன்னிரண்டு மதிப்பெண் அப்படியே போய்விடும். சோப்பு வாசனை இல்லாத எந்தக் கண்ணாடிக் கிளாஸும் போதும். பாதியளவு ஊற்றி, சுழற்றி, முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள். நுரை இறங்கும்போது கிளாஸின் உட்பக்கத்தில் வலைபோல ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். மால்ட்டின் புரதமும் ஹாப்ஸும் சேர்ந்து செய்கிற வேலை அது. நுரை ஒட்டாமல் நொடியில் கலைந்தால் பீரைக் குறை சொல்லுமுன் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று சோதிப்பது நல்லது.

மூன்றாவது, பெயர் தெரியாமல் குடிப்பது. வீட்டில் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். இன்னும் கறாராகச் செய்ய வேண்டுமா? மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரே பீரும் ஒன்றில் வேறு பீரும் ஊற்றச் சொல்லி, மாறுபட்டது எது என்று கண்டுபிடியுங்கள். பீர் ஆலைகளின் சோதனைக் கூடத்திலேயே செய்கிற முறை இது. இதில் தடுமாறாதவர்கள் குறைவு. மாறுபட்ட கிளாஸைப் பிடிக்க முடியவில்லை என்றால் அந்த இரண்டு பீருக்கும் நடுவே உங்கள் நாக்குக்கு வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். அப்போது விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். மூன்று முழு கேன் குடித்துவிட்டுச் சொல்கிற தீர்ப்புக்கு மதிப்பில்லை, அதற்கப்புறம் காரை எடுக்கவும் கூடாது.

இனி தேதி. ஆம்பர் ஏலைப் பொறுத்தவரை இதுதான் தலையாய விஷயம், அதிகம் பேர் கவனிக்காத விஷயமும்கூட. ஐபிஏ பழசானால் உடனே தெரிந்துவிடும், ஹாப்ஸ் வாசனை காணாமல் போய்விடும். ஆம்பர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆக்சிஜன் பட்டுப் பழசாகும்போது கசப்பு குறைந்து, தேன்போல ஓர் இனிப்பும் ஷெர்ரி ஒயின் சாயலும் கூடிக்கொண்டே போகும். ருசி பார்க்கிறவர் 'அடடா, மால்ட் நன்றாகத் தெரிகிறதே' என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் ருசிப்பது பழமையை. இன்னும் நாளானால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை வரும். அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆபத்து அந்த நடுக்கட்டத்தில்தான்.

ஆகவே பாட்டிலின் கழுத்து, கேனின் அடிப்பாகம், பேக்கின் பக்கவாட்டு என்று தேடிப் பாருங்கள். சில ஆலைகள் அடைத்த தேதியைப் போடும், சில ஆலைகள் எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்பதைப் போடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. அடைத்து மூன்று மாதத்துக்குள் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால், அதுவும் குளிர்சாதனம் இல்லாத அலமாரியில் நின்றிருந்தால், விட்டுவிடுங்கள். பாட்டில் என்றால் பழுப்புக் கண்ணாடியா என்றும் பாருங்கள். பச்சை, நிறமற்ற கண்ணாடி வழியே வெளிச்சம் புகுந்து ஹாப்ஸின் பொருளைச் சிதைத்துவிடும். அப்போது எழும் நாற்றத்தை அமெரிக்கர்கள் அவர்கள் ஊர் ஸ்கங்க் என்ற பிராணியின் பெயராலேயே அழைக்கிறார்கள். கேனில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது மூன்றையும் ஊற்றலாம்.

ஃபேட் டயர் முதலில், ஏனென்றால் அமெரிக்காவில் ஆம்பர் ஏல் என்றதும் ஒரு தலைமுறைக்கே நினைவுக்கு வந்த பெயர் அது. ஜெஃப் லெபெஷ் என்ற மின்பொறியாளர் 1980-களின் இறுதியில் பெல்ஜியத்தில் தடிமனான டயர் போட்ட மலைச் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே குடித்த பீர்களின் நினைவில் வீட்டில் காய்ச்சத் தொடங்கினார். அவரும் அப்போதைய மனைவி கிம் ஜோர்டனும் சேர்ந்து 1991-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், வீட்டின் நிலவறையில் நியூ பெல்ஜியம் ஆலையைத் தொடங்கினார்கள். 5.2 சதவீத ஆல்கஹால். பழைய ஃபேட் டயரின் தனித்தன்மை கேரமலைவிட, சுட்ட பிஸ்கட்டையும் ரொட்டியின் மேலோட்டையும் நினைவூட்டும் மால்ட் வாசனை. இனிப்பு லேசாக வந்து லேசாகவே போய்விடும். அபாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் பயமுறுத்தாது; குளிரில் நொதிக்கவிட்ட மென்மையான பீரான லைட் லாகர் மட்டுமே குடித்துப் பழகியவரை ஏல் பக்கம் அழைத்து வந்த பீர் அது. அந்த வேலையை அதைவிடச் சிறப்பாக வேறெதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் ஊழியர்களுக்கே சொந்தமாக இருந்த ஆலை அது. 2019-இல் ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த லயன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2023 ஜனவரியில் ஃபேட் டயரின் செய்முறையையும் உறையையும் மாற்றினார்கள். நிறம் வெளிறிப் பொன்னிறத்துக்கு வந்தது, பழைய சைக்கிள் ஓவியம் ஓரங்கட்டப்பட்டது, ருசி இன்னும் துறுதுறுப்பாக, உலர்ந்ததாக ஆயிற்று. நான் இங்கே எடைபோடுவது இந்த 2023 வடிவத்தைத்தான். தனியாக வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாகக் காய்ச்சியிருக்கிறார்கள், முடிவு துப்புரவாக இருக்கிறது, வெயில் நாளில் ஜில்லென்று குடிக்க ஏற்றது. என் கேள்விக்கும் அது தேறிவிடுகிறது, இனிப்பு நாக்கில் நிற்பதில்லை. ஆனால் துடைத்தெடுக்க அங்கே இனிப்பு என்று அதிகம் இல்லையே. வறுத்த மால்ட்டின் ஆழம் போன பிறகு ஆம்பர் என்று சொல்லி இதை விருந்தாளி முன் வைக்க முடியாது. அந்தப் பிஸ்கட் வாசனைக்காக இதை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு. விற்பனை சரிகிற ஒரு பீரை இளைய தலைமுறைக்குப் பிடித்ததாக மாற்ற ஆலை நினைத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. இருந்தாலும் அதே பெயரில் செய்யாமல், பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாம்.

பெல்ஸ் ஆம்பர் வேறு ரகம். லாரி பெல் மிச்சிகனின் காலமஸூ நகரில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான பொருட்களை விற்கும் கடை வைத்திருந்தவர். 1985-இல் தானே காய்ச்சி விற்கத் தொடங்கினார். இன்று டூ ஹார்ட்டட் என்ற ஐபிஏதான் அந்த ஆலையின் பெரிய பெயர். ஆனால் ஆலை வளர்ந்த காலத்தில் அதைத் தாங்கிய பீர்களில் இந்த ஆம்பரும் ஒன்று. ஆல்கஹால் 5.8 சதவீதம். கிளாஸில் ஊற்றினால் ஆழ்ந்த செம்பு நிறம். முகர்ந்ததும் கேரமல், அதன் பின்னால் பூவும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஹாப்ஸ். வாயில் மூன்றிலும் கனமானது இதுதான். இனிப்பு நன்றாகவே எழும்பி, நாக்கின் நடுவில் ஒரு கணம் நின்று, பிறகு கசப்பு பின்னாலிருந்து வந்து மெதுவாக மூடிவிடுகிறது. அந்த மூடுதல் சட்டென்று நடக்காமல் படிப்படியாக நடப்பதுதான் இதன் அழகு. பீர் சூடேறும்போது ரொட்டியைத் தீயில் காட்டிய வாசனையும் சேர்ந்துகொள்ளும். பீஜேசிபி வரையறையைப் படித்துவிட்டு ஓர் உதாரணம் ருசித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கையில் கொடுப்பது இதைத்தான்.

குறை என்றால், இரண்டாவது கிளாஸில் கனம் தெரிய ஆரம்பிக்கும். ஃபேட் டயரோடு ஒப்பிட்டால் ஆல்கஹாலும் அரை சதவீதத்துக்கு மேல் கூடுதல். பழசானால் மூன்றிலும் அதிகம் கெடுவதும் இதுதான், கேரமல் அதிகம் என்பதால். தேதி தாண்டிய பெல்ஸ் ஆம்பரைவிடப் புதிதான எந்த ஆம்பரும் மேல்.

ஒரு செய்தி: 2021-இல் பெல்ஸையும் அதே லயன் நிறுவனம் வாங்கி, நியூ பெல்ஜியத்தோடு ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. அதாவது அலமாரியில் போட்டியாளர்கள்போல நிற்கும் ஃபேட் டயரும் பெல்ஸ் ஆம்பரும் ஒரே முதலாளியின் சரக்கு. அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கம் ஓர் ஆலையைக் கிராஃப்ட், அதாவது சுதந்திரமான சிறு ஆலை, என்று ஏற்க வேண்டுமானால், அப்படி ஏற்கப்படாத மதுபான நிறுவனத்தின் கையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அதன்படி இவை இரண்டும் இப்போது கிராஃப்ட் கிடையாது. இதை வைத்து ருசியைத் தீர்மானிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உரிமையாளர் யார் என்பது பணத்தை எங்கே செலவழிக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். கிளாஸில் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. கைமாறிய பிறகு நியூ பெல்ஜியம் ஃபேட் டயரின் முகத்தையே மாற்றியது, பெல்ஸ் ஆம்பரோ நான் குடித்தவரை தன் குணத்தோடு இருக்கிறது.

அலாஸ்கன் ஆம்பரின் கதை மூன்றிலும் சுவையானது. மார்ஸி லார்சனும் ஜெஃப் லார்சனும் 1986-இல் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் ஆலையைத் தொடங்கினார்கள். ஜூனோவுக்குச் சாலையே கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனிமலை. மால்ட், ஹாப்ஸ், பாட்டில் எல்லாமே கப்பலில் வந்து, பீராகிக் கப்பலில் போக வேண்டும். காய்ச்சிய பின் மிஞ்சும் பார்லிச் சக்கையைக் கால்நடைத் தீவனமாகத் தள்ளிவிடப் பக்கத்தில் பண்ணைகளும் இல்லாததால், அதைக் காயவைத்து எரித்து அந்தச் சூட்டிலேயே கொதிகலனை ஓட்டும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஆம்பரின் செய்முறைக்கு மூலம், ஜூனோவுக்கு எதிரே இருக்கும் டக்ளஸ் ஊரில் 1899 முதல் 1907 வரை, தங்கச் சுரங்கக் காலத்தில் இயங்கிய ஒரு ஆலையின் பீர். அந்தக் காலத்துச் செய்திகளையும் சரக்குப் பதிவுகளையும் தேடிப்பிடித்து மீட்டெடுத்தார்கள். 1988-இல் டென்வரில் நடந்த கிரேட் அமெரிக்கன் பீர் திருவிழாவில் குடிக்க வந்த மக்கள் போட்ட வாக்கில் முதலிடம் பெற்ற பீர் இதுதான்.

முறைப்படி பார்த்தால் இது ஜெர்மனியின் ஆல்ட் என்ற பீர் வகையைச் சேர்ந்தது. ஏல் ஈஸ்ட்டைப் போட்டு, ஏலுக்கு வழக்கமான சூட்டைவிடக் குளிரான இடத்தில் நிதானமாக நொதிக்க விடுவார்கள். அதனால் ஏலில் வரும் பழ வாசனை அடங்கி, லாகரின் வழவழப்பு வந்துவிடுகிறது. 5.3 சதவீத ஆல்கஹால். ருசித்தால் முதலில் கேரமல், அதுவும் பெல்ஸைவிட மிருதுவாக, நடுவில் ரொட்டி, கடைசியில் கசப்பு என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. 18 ஐபியுதானே. பின்னே இனிப்பைத் துடைப்பது எது? அங்கேதான் இந்த பீரின் திறமை. குளிரில் நிதானமாக நொதித்ததால் மிச்சம் மீதி எதுவும் இல்லாத துப்புரவான முடிவு. ஹாப்ஸின் உதவி அதிகம் இல்லாமலே வாய் காலியாகிவிடுகிறது. மூன்றையும் பெயர் தெரியாமல் குடிக்கக் கொடுத்தால், இதைப் பற்றிப் பேச அதிகம் இருக்காது, ஆனால் முதலில் காலியாகிற கிளாஸ் இதுவாகத்தான் இருக்கும்.

பேச அதிகம் இல்லாத பீரை முதலிடத்தில் வைப்பதா என்று கேட்கலாம். ருசிப் போட்டி என்றால் பெல்ஸுக்குத்தான் கொடுப்பேன். ஆனால் நாம் கேட்டது விருந்துக்கு எது என்று. நம் வீட்டு விருந்து என்றால் மேசையில் மட்டன் சுக்காவோ சிக்கன் 65-ஓ இருக்கும். ஹாப்ஸின் கசப்பு மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும், ஆல்கஹாலும் தன் பங்குக்குக் கூட்டும். ஐபிஏ ஒரு மிடறு, சுக்கா ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் காது வரை எரிவது இதனால்தான். லேசான இனிப்பு அந்த எரிச்சலைத் தணிக்கும். குறைந்த கசப்பு, அடக்கமான இனிப்பு, நடுத்தரமான ஆல்கஹால் மூன்றும் சேர்ந்திருப்பது அலாஸ்கனில். வறுத்த மசாலாவின் வாசனையும் வறுத்த மால்ட்டின் வாசனையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதையும் சாப்பிடும்போது கவனித்துப் பாருங்கள். பெல்ஸின் கசப்பு சுக்காவோடு முட்டிக்கொள்ளும். ஆனால் காரம் குறைத்து, உப்பும் மிளகும் மட்டும் போட்டு நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறியோடு வைத்தால் அதே கசப்பு கொழுப்பைக் கழுவிவிடும். அங்கே அலாஸ்கன் சற்று மெலிந்துபோகும்.

அலமாரியில் இதே நிறத்தில் நிற்கும் வேறு சிலவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கூர்ஸ் நிறுவனத்தின் கிலியன்ஸ் ஐரிஷ் ரெட், பென்சில்வேனியாவின் யூங்லிங், மெக்ஸிகோவின் டோஸ் எக்கிஸ் ஆம்பர் இவையெல்லாம் லாகர். நிறம் ஒன்று, ஈஸ்ட் வேறு. மோசம் என்று சொல்லவில்லை. யூங்லிங் அதன் விலைக்கு நல்ல பீர். ஆனால் ஏலின் கனத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். அயர்லாந்தின் ஸ்மித்விக்ஸ் ஏல்தான், 4.5 சதவீதத்தோடு மென்மையானது. அமெரிக்க ஆம்பரின் ஹாப்ஸை அதில் தேட முடியாது.

மிகப் பெரிய ஆலை ஒன்று இந்த வகையில் இறங்கிப் பார்த்ததும் உண்டு. 2008-இல் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் பட்வைசர் அமெரிக்கன் ஏல் என்ற பெயரில் 5.3 சதவீதத்தில் ஒரு செம்பு நிற ஏலைக் கொண்டுவந்தது. கேரமல் மால்ட், கேஸ்கேட் ரக ஹாப்ஸ் என்று செய்முறையில் குறை வைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அது கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. பட்வைசர் குடிப்பவருக்கு அதில் ருசி அதிகம், ஏல் குடிப்பவருக்கு அந்தப் பெயரே ஆகவில்லை என்பது என் கணிப்பு. பெயரை மறைத்துக் கொடுத்திருந்தால் பலர் நல்ல மதிப்பெண் போட்டிருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

அலாஸ்கனில் ஒரு சிக்கல், எல்லா மாநிலத்திலும் கிடைக்காது. மேற்கில் தாராளமாக இருக்கும், கிழக்குக் கரையில் தேடினாலும் அகப்படாது. அங்கே இருப்பவர்கள் பெல்ஸ் எடுங்கள், சமையலில் மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பெல்ஸின் தேதி பழசாக இருந்து, பக்கத்தில் போன மாதம் அடைத்த ஃபேட் டயர் இருந்தால் யோசிக்காமல் ஃபேட் டயரை எடுத்துக்கொள்ளலாம். ஆம்பர் கிடைக்காது, ஆனால் நல்ல நிலையில் உள்ள ஓர் ஏல் கிடைக்கும். அன்றைக்குத் திறக்காமல் மிஞ்சிய கேன்களை வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜிலேயே நிற்க வையுங்கள், அடுத்த சில வாரங்களுக்கு ருசி போகாது.